தெளிவு ஊசி

கொழுந்தன் கவின் விழுந்துவிட்டான் என்ற செய்தி வந்தபோது மிருதுளா பேசிக்கொண்டிருந்தாள். பேசுவதுதான் அவள் வேலை. கோயம்புத்தூரில் கல்லீரல் மரபணுவைத் திருத்தும் மையம் ஒன்றில், ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்களுக்கு அது என்ன, எதற்கு, போட்டால் என்ன ஆகும் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். இதைச் சொல்வதற்கென்றே சுவரில் ஒரு திரை இருந்தது. கேட்ட மொழியில் சொல்லும், படம் போட்டுக் காட்டும், எத்தனை முறை கேட்டாலும் அலுத்துக்கொள்ளாது. ஆனால் திரை சொன்னதைக் கேட்டுவிட்டு யாரும் கையை நீட்டவில்லை. ஒரு மனுஷி எதிரே உட்கார்ந்து சொன்னால்தான் நீட்டினார்கள். கார்களுக்கு ஓட்டுநரே தேவைப்படாத அந்தக் காலத்திலும் அவளுக்கு வேலை மிஞ்சியிருந்தது அதனால்தான்.

அன்று எதிரே போத்தனூரிலிருந்து வந்த கணவனும் மனைவியும். அந்த மனிதர் ஒல்லியாக, கன்னம் ஒட்டி இருந்தார். உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாகச் சொன்னார்.

"நான் ஒரு நாள்கூடக் குடிச்சதில்லைங்க."

எல்லாரும் முதலில் அதைத்தான் சொன்னார்கள்.

"தெரியுமுங்க. இது குடியால வர்றதில்லை. உங்க மரபணுவில ஒரே ஒரு எழுத்து மாறிப் பிறந்திருக்கு. கல்லீரல் தன்கிட்ட இருக்கிற கொழுப்பை அப்பப்ப ரத்தத்துக்கு அனுப்பிடணும். உங்களோடது அனுப்ப மாட்டேங்குது, உள்ளேயே பிடிச்சு வச்சுக்குது. சேரச் சேரப் புண்ணாகும், தழும்பாகும், கடைசியில கல்லாட்டம் இறுகிடும்."

மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது. ஓவியாவின் பெயர். கவினின் மனைவி, மிருதுளாவுக்கு ஓரகத்தி. மிருதுளா போனைக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். *அக்கா, இவர் பட்டறையில விழுந்துட்டார். மூச்சு இல்லைங்கறாங்க.*

படித்தாள். எதிரே இருந்தவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தொடர்ந்தாள்.

"தெளிவு ஊசி அந்த எழுத்தைத் திருத்திடும். ஊசின்னு பேரு, ஆனா அரை நாள் குளுக்கோஸ் மாதிரி ஏறும். ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும். ஒரு வருஷத்துல கல்லீரல் புதுசாட்டம் ஆயிடும்." கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். மிருதுளா மிச்சத்தையும் சொன்னாள். "ரத்தக் கொழுப்புக்கு மட்டும் தினமும் ஒரு மாத்திரை. விடாம சாப்பிடணும்."

அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது வழக்கமாக எல்லாரும் எழுந்துவிட்டிருப்பார்கள். இவர்களும் எழுந்துவிட்டார்கள்.

அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகுதான் மிருதுளா எழுந்தாள். தண்ணீர் பாட்டிலை மூடினாள், நாற்காலியை உள்ளே தள்ளினாள், காரை வரச் சொன்னாள். பாதி வழி போன பிறகே தான் அவசரப்படவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. அதற்காக வருத்தப்பட முயன்று பார்த்தாள். வரவில்லை.

*

மிருதுளாவின் கணவன் சர்வேஷ் மூத்தவன். கவின் இளையவன். பீளமேட்டுக்குப் பின்னால் இருவரும் சேர்ந்து பம்பு மோட்டார் பட்டறை நடத்தினார்கள். அப்பா தொடங்கிய பட்டறை. அந்த அப்பா ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலேயே ரத்தம் கக்கிச் செத்தார். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் சர்வேஷ். கல்லீரல் முழுக்க இறுகிப்போயிருந்தது என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

கல்லீரல் என்றால் ஊருக்குச் சாராயம்தான். துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலிலேயே பேசினார்கள். வீட்டுக்குத் தெரியாமல் பட்டறையில் வைத்துக் குடித்திருப்பார், இல்லாவிட்டால் இப்படி எப்படி ஆகும் என்றார்கள். அந்தப் பேச்சு பல வருஷம் அந்தக் குடும்பத்தின் கூடவே வந்தது. கவினுக்குப் பெண் பார்த்தபோதுகூட, பையனுக்குப் பழக்கம் உண்டா என்று இரண்டு இடத்தில் சுற்றி வளைத்து விசாரித்தார்கள்.

பிறகு மரபணுச் சோதனை வந்தது. மிருதுளா அந்த மையத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். கணவனையும் கொழுந்தனையும் ரத்தம் கொடுக்கச் சொன்னாள். அண்ணன் தம்பி இருவருக்கும் அந்த மாறிய எழுத்து இருந்தது. ஆஸ்பத்திரியில் பாதுகாத்து வைத்திருந்த அப்பாவின் சதைத் துணுக்கிலும் இருந்தது. அதை அவள்தான் மாமியாரிடம் போய்ச் சொன்னாள். மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்படின்னா அவர் குடிக்கவே இல்லையா?"

கூடவே வாழ்ந்தவர் அவர். அடுத்த வருஷம் அவரும் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்று மிருதுளாவுக்கு அப்போது தோன்றியது. முதல் சில வருஷம் அப்படித்தான் செய்தாள். வருகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள், யாராவது அழுதால் கூடச் சேர்ந்து அழுதாள். பிறகு ஒரே விஷயத்தை, ஒரே வரிசையில், ஒரே குரலில் சொல்லிச் சொல்லி அது எங்கேயோ தேய்ந்துவிட்டது. எப்போது தேய்ந்தது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

வீட்டு ஆண்கள் இருவரையும் ஊசி போட வைத்ததும் அவள்தான். கவின் சிரித்தான். "அண்ணி சொன்னாச் சரி. எங்க படுக்கணும்னு மட்டும் சொல்லுங்க." சர்வேஷ் ஒன்றும் சொல்லவில்லை. அவன் எதற்குமே ஒன்றும் சொல்லாத ஆள்தான் என்று அவளும் விட்டுவிட்டாள். ஒரே நாளில் இருவரும் போய்விட்டு வந்தார்கள். மையத்தில் ஒரு விதி இருந்தது. அங்கே வேலை செய்கிறவர்கள் சொந்தக்காரர்களின் வார்டுக்குள் போகக் கூடாது, அவர்களின் விவரத்தைத் திறந்து பார்க்கவும் கூடாது. அதனால் மிருதுளா வீட்டிலேயே காத்திருந்தாள். சாயங்காலம் இரண்டு பேரும் முழங்கை மடிப்பில் பிளாஸ்திரியோடு வந்தார்கள். எல்லாருமாக வெளியே போய்ச் சாப்பிட்டார்கள். கவினின் மகள் தியாவுக்கு அப்போது ஆறு வயது. அப்பாவின் பிளாஸ்திரியைப் பிய்த்துத் தன் கையில் ஒட்டிக்கொண்டாள். மிருதுளாவுக்கும் சர்வேஷுக்கும் குழந்தை இல்லை. தியா இரண்டு வீட்டுக்கும் பிள்ளை.

*

ஆஸ்பத்திரியில் கவினின் நெஞ்சு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதை ஏற்றி இறக்கியது பக்கத்தில் இருந்த இயந்திரம். ஓவியா வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தியாவைத் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். சர்வேஷ் சுவரில் சாய்ந்து நின்றான். அவன் கையில் இன்னும் கிரீஸ் இருந்தது.

"மோட்டாரை இறக்கிட்டு இருந்தோம்," என்றான். "'அண்ணா, கை மரக்குது'ன்னான். கீழ வைடான்னேன். வச்சுட்டு அப்படியே உட்கார்ந்தான்."

இதயப் பிரிவு டாக்டர் ரிஸ்வானா நிதானமான பெண்மணி. மிருதுளா மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் என்று தெரிந்ததும் அவளைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினார்.

"மூணு குழாயிலும் அடைப்பு. இந்த வயசுல, சர்க்கரை கிடையாது, சிகரெட் கிடையாது. தெளிவு ஊசி போட்டவரா?"

"ஆமா. எங்க மையத்துலதான்."

டாக்டர் தலையை ஆட்டினார். ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

"இந்த வருஷத்துல நான் பார்க்கிற ஐந்தாவது ஆறாவது ஆள் இவர். அந்த எழுத்து மாறிப் பிறந்தவங்களோட கல்லீரல் கொழுப்பைப் பிடிச்சு வச்சுக்கும், அது உங்களுக்கே தெரியும். அதனால அது கெட்டுப்போகும். ஆனா ரத்தத்துல கொழுப்பு குறைவா இருக்கும், இதயத்துக்குச் சேதமில்ல. குப்பையை வீட்டுக்குள்ளேயே சேர்த்து வச்சா வீடு நாறும், தெரு சுத்தமா இருக்கும். நாம அந்த எழுத்தைத் திருத்தினோம். வீடு சுத்தமாச்சு. குப்பை தெருவுக்கு வந்துடுச்சு."

"அதுக்குத்தானே மாத்திரை."

"அதுக்குத்தான் மாத்திரை. சாப்பிட்டாரா?"

"சொல்லியிருந்தேன்," என்றாள் மிருதுளா.

"எல்லாருக்கும் சொல்லியிருப்பீங்க. ஒரே ஊசியில ஆயுசுக்கும் குணம்னு சொன்ன அதே மூச்சுல, தினமும் ஒரு மாத்திரைன்னும் சொன்னா, ஜனங்க எதை ஞாபகம் வச்சுக்குவாங்க?" டாக்டரின் குரலில் குத்தல் இல்லை. களைப்புதான் இருந்தது. "கல்லீரலால சாகிறவங்க குறைஞ்சுட்டாங்கன்னு உங்க துறை சொல்லுது. அது நிஜம்தான். இதயத்தால சாகிறவங்களை எங்க துறை பார்க்குது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு இதுவரைக்கும் யாரும் பார்க்கல."

மிருதுளா கேட்டுக்கொண்டாள். தன் காலுக்குக் கீழே தரை நழுவும் என்று எதிர்பார்த்தாள். தரை அப்படியே இருந்தது. எதிர்ச் சுவரில் கை கழுவச் சொல்லி ஒரு படம் ஒட்டியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வெளியே வந்து சர்வேஷின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"இவரும் அதே நாள்ல போட்டவர். இவரையும் பாருங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல மிருது. கவினைப் பார்க்கட்டும்."

"உட்காருங்க."

அவன் டாக்டரைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான்.

*

மறுநாள் காலையில் டாக்டர் ரிஸ்வானா மிருதுளாவை மட்டும் கூப்பிட்டார்.

"உங்க வீட்டுக்காரரோட இதயக்குழாய் இருபது வயசுப் பையனோடது மாதிரி இருக்கு."

"அப்படின்னா ஊசி இவரை ஒண்ணும் பண்ணலையா?"

"போட்டிருந்தாத்தானே பண்றதுக்கு?"

மிருதுளா புரியாமல் பார்த்தாள். டாக்டர் திரையைத் திருப்பினார். சாம்பல் நிறத்தில் ஒரு படம். கல்லீரலின் ஓரம் மேடும் பள்ளமுமாக, காய்ந்த இஞ்சித் துண்டு மாதிரி இருந்தது. இந்த மாதிரிப் படங்களை மிருதுளா தினமும் வேறு ஆட்களுக்குக் காட்டுகிறவள்தான்.

"சந்தேகப்பட்டுக் கல்லீரல்ல இருந்து துளி எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அந்த எழுத்து திருத்தப்படவே இல்லை. பிறந்தப்ப எப்படி இருந்ததோ அப்படியே இருக்கு. கல்லீரல் முழுக்க இறுகிடுச்சு. உணவுக்குழாயில ரத்தக்குழாய் புடைச்சிருக்கு, எப்ப வேணும்னாலும் வெடிக்கலாம். இனிமே ஊசி போட்டும் பிரயோஜனமில்லை. கல்லீரலையே மாத்துறதுதான் வழி. அவருக்கு அரிப்பு, கால் வீக்கம், அசதி எதுவும் இருந்ததில்லையா?"

இருந்தது. ராத்திரியெல்லாம் காலைச் சொறிந்துகொண்டிருப்பான். மூட்டைப்பூச்சி என்று அவள் பாயை வெயிலில் போட்டாள். சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்துவிடுவான். வயசாகிறது என்று நினைத்தாள். ஊர் மக்களின் கல்லீரலைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிறவள், வீட்டுக்கு வந்தால் அந்தச் சொல்லையே நினைக்காமல் இருந்திருக்கிறாள்.

சர்வேஷ் மாடிப்படித் திருப்பத்தில் ஜன்னலோரம் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"கவின்தான் முதல்ல படுத்தான்," என்று அவனே தொடங்கினான். "அவன் கையில ஏத்தறாங்க. பக்கத்துக் கட்டில் எனக்கு. டீ குடிச்சுட்டு வர்றேன்னு போனேன். திரும்ப உள்ள போகக் கால் வரல. வெளியிலேயே உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து கேட்டாங்க. காய்ச்சல் அடிக்குது, இன்னொரு நாள் வர்றேன்னு சொன்னேன்."

"பிளாஸ்திரி?"

"கவின்தான் ஒட்டிவிட்டான். அண்ணிகிட்ட நான் சொல்ல மாட்டேன்ணா, ஆனா அடுத்த மாசம் நீ கண்டிப்பாப் போட்டுக்கணும்னான்."

"அதுக்கப்புறம் கேட்டானா?"

"மாசா மாசம் கேட்பான். நானும் மாசா மாசம் ஏதாவது சொல்லுவேன். அப்புறம் கேட்கிறதை விட்டுட்டான்."

"எதுக்குப் பயந்தீங்க?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. "தெரியல. அப்பா போன அன்னைக்கு நான் எதிர்ல உட்கார்ந்திருந்தேன். அதுக்கப்புறம் இந்த விஷயத்தை எடுத்தாலே எனக்குக் காது அடைச்சுக்கும். கேட்காம இருந்தா இல்லாம இருக்கும்னு நினைச்சேன். உங்கிட்டச் சொல்லியிருக்கணும். நீ ஊருக்கே சொல்றவ. எப்படிச் சொல்றது?"

அவள் அவனைத் திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. அவன் சட்டைப் பொத்தான் ஒன்று கழன்றிருந்தது. அதைப் போட்டுவிட்டாள். தம்பி அவள் சொன்ன பேச்சைக் கேட்டான், இயந்திரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். அண்ணன் கேட்கவில்லை, அவனும் அதே இடத்துக்கு வேறு வழியாக வந்து நிற்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே அப்பா, ஒரே எழுத்து. யார்மீது கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் கோபம் வராமலே போயிற்று.

*

அடுத்த நாள் கவினின் மூளை செத்துவிட்டது என்று சொன்னார்கள். நெஞ்சு அப்போதும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. உறுப்புகளைக் கொடுக்கிறீர்களா என்று கேட்க ஓர் இளைஞன் வந்தான். சரியான இடத்தில் நிறுத்தி, சரியான இடத்தில் மௌனமாக இருந்து, நன்றாகப் பேசினான். ஒரு பேச்சு எப்படிக் கட்டப்படுகிறது என்று மிருதுளாவுக்குத் தெரியும். அவனுக்குப் பயிற்சி கொடுத்தவர்களும் தனக்குக் கொடுத்தவர்களும் ஒரே ஆட்களாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

"இதயம் உதவாதுங்க," என்றான். "கண் எடுக்கலாம், சிறுநீரகம் எடுக்கலாம். கல்லீரல் ரொம்ப அருமையா இருக்கு. இவ்வளவு சுத்தமான கல்லீரல் கிடைக்கிறது கஷ்டம்."

ஓவியா அவனைப் பார்க்காமலே கேட்டாள். "அது யாருக்குப் போகும்?"

"பட்டியல்ல அடுத்து இருக்கிறவங்களுக்கு. இல்லைன்னா நீங்க யாருக்காவது கொடுக்கணும்னு ஆசைப்பட்டா, இப்ப சட்டத்துல இடம் இருக்குங்க. மனைவி பேர் சொன்னா அவங்களுக்குத்தான்."

அவன் வெளியே போனதும் அறையில் இரண்டு பெண்கள் மட்டும் இருந்தார்கள். ரத்த வகை ஒன்று. அளவு பொருந்தும். டாக்டர் ரிஸ்வானா காலையிலேயே சொல்லிவிட்டார். கேட்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அதைக் கேட்க வேண்டியவள் மிருதுளாதான்.

எத்தனையோ பேரிடம் எத்தனையோ கடினமான விஷயத்தைச் சொன்னவள். எப்படித் தொடங்க வேண்டும், குரலை எங்கே தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் தெரியும். அதையெல்லாம் இங்கே செய்யக் கூடாது என்றும் தெரிந்தது. வேறு எப்படிப் பேசுவது என்றுதான் மறந்துபோயிருந்தது.

"ஓவியா, அவரு அந்த ஊசி போட்டுக்கவே இல்ல."

"யாரு?"

"உன் மாமாதான், எங்க வீட்டுக்காரரு. அன்னைக்கு ஏமாத்திட்டு வந்திருக்காரு. நேத்துத்தான் எனக்குத் தெரிஞ்சுது. கல்லீரல் போயிடுச்சு. மாத்தலைன்னா..." அவள் நிறுத்தினாள். "நான்தான் உன் வீட்டுக்காரரைப் போடச் சொன்னேன். இப்ப நானே வந்து கேட்கறேன்."

வெளியே யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் சக்கரச் சத்தம் வராந்தா முனை வரைக்கும் போய் மறையும் வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கத்துவாள் என்று மிருதுளா எதிர்பார்த்தாள். என் புருஷன் உன் பேச்சைக் கேட்டுச் செத்தான், உன் புருஷன் கேட்காமல் பிழைக்கணுமா என்று கேட்பாள். கேட்டால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"எடுத்துக்கங்க அக்கா," என்றாள் ஓவியா.

அவ்வளவுதான். அந்த இளைஞனைக் கூப்பிட்டுப் பேரைச் சொன்னாள், கைரேகை வைத்தாள். கவினின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

*

சர்வேஷ் பிழைத்தான். தைத்த இடம் ஆறச் சில மாதம் ஆயிற்று. அரிப்பு போனது, காலில் வீக்கம் வற்றியது, முகத்தில் ரத்தம் ஏறியது. பார்க்க வந்தவர்கள் பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறாய் என்றார்கள். அவன் பட்டறைக்குப் போனால் கவின் நின்று வேலை செய்யும் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவான். இப்போது அவனுக்குள் இருப்பது திருத்தப்பட்ட கல்லீரல். கொழுப்பைப் பிடித்து வைக்காது, ரத்தத்துக்கு அனுப்பிவிடும். ஆகவே அவனும் இனிமேல் தினமும் அந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டும். மிருதுளா எடுத்து வைப்பாள். சில நாள் சாப்பிடுவான், சில நாள் மாத்திரை மேசையிலேயே இருக்கும். அவள் ஒன்றும் கேட்பதில்லை. வீட்டில் இரண்டு பேரும் சத்தமில்லாமல் நடந்தார்கள்.

ஓவியா வரவில்லை. தியாவை அனுப்பவும் இல்லை. போன் செய்தால் எடுப்பாள், நல்லா இருக்கோம் என்பாள், வைத்துவிடுவாள்.

மிருதுளா வேலையை விடவில்லை. விடலாம் என்று யோசித்தாள். ஆனால் தான் விட்டால் அந்த நாற்காலியில் இன்னொருத்தி உட்காருவாள், மாத்திரையைக் கடைசியில்தான் சொல்லுவாள். அதனால் பேச்சின் வரிசையை மாற்றிக்கொண்டாள். இதயத்தை முதலில் சொன்னாள். பாதிப் பேர் போடாமல் திரும்பினார்கள். மேலதிகாரி கூப்பிட்டு, பயமுறுத்தாமல் சொல்லுங்கள் என்றார். சரி என்றாள். மறுநாளும் அப்படியேதான் சொன்னாள். அவளுக்கு அதில் வீரம் எதுவும் தெரியவில்லை. வேறு மாதிரி சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

மழை பெய்த ஒரு முற்பகலில் கதவு திறந்து ஓவியா உள்ளே வந்தாள். கூடவே தியா. பள்ளிக்கூட உடையில், அப்பாவின் முகச்சாயலோடு நெட்டையாக வளர்ந்திருந்தாள். முறைப்படி நேரம் கேட்டுப் பதிவு செய்துவிட்டு வந்திருந்தார்கள். ஓவியா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தியாவுக்கும் அது இருக்கு அக்கா. ரெண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்காம். எங்க வீட்டுப் பக்கமும் இருந்திருக்கு, எனக்கே தெரியாது. அடுத்த வருஷம் பன்னிரண்டு ஆகுது. அப்பப் போடலாம்னு இங்கிருந்து செய்தி வந்துச்சு."

மிருதுளா தியாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னாள். கதவு மூடியதும் ஓவியா நேராகக் கேட்டாள்.

"போடட்டுமா, வேண்டாமா?"

சுவரில் திரை எரிந்துகொண்டிருந்தது. மிருதுளா வாயைத் திறந்தாள். அவள் தினமும் சொல்வது எதுவும் வரவில்லை.

"எனக்குத் தெரியல ஓவியா."

ஓவியா தலையை ஆட்டினாள். அந்தப் பதிலுக்காகவே வந்தவள் மாதிரி இருந்தது. பிறகு, மேசை விளிம்பைப் பார்த்தபடி சொன்னாள்.

"மாத்திரையை அவர் ஒழுங்காத்தான் சாப்பிட்டுட்டு இருந்தாரு. நீங்க சொன்னீங்கன்னு விடாம சாப்பிட்டாரு. கால் குடையுது, படியேற முடியலைன்னு ராத்திரி முனகுவாரு. நான்தான், கல்லீரல்தான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு இது, தூக்கிப் போடுங்கன்னு சொன்னேன். அவர் யோசிச்சாரு. நானே எடுத்துக் குப்பையில போட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்க வந்து, நான்தான் போடச் சொன்னேன்னு சொல்லிட்டு நின்னீங்க. என்னால வாயைத் திறக்க முடியல. உங்க மேலேயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அதனாலதான் உங்க வீட்டுக்கு வரல."

மிருதுளா அவளைப் பார்த்தாள். இத்தனை மாதமாகத் தனக்கு மட்டும் என்று நினைத்துச் சுமந்தது எதிரே இன்னொருத்தியின் மடியிலும் இருந்திருக்கிறது. சர்வேஷுக்கும் அவன் பங்கு இருந்திருக்கும். எல்லாருமாக ஒரே பழியை ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அந்தப் பழிக்குக் காரணமோ கண்ணுக்கே தெரியாத ஒரு எழுத்து.

அவள் எழுந்து போய்த் திரையை அணைத்தாள். ஓவியாவின் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். வெளியே வரிசை எண்ணைக் கூப்பிடும் குரல் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு," என்றாள் மிருதுளா கடைசியில். "நாம சேர்ந்தே யோசிக்கலாம். டாக்டர் ரிஸ்வானாகிட்டப் போவோம். கால் குடையாத மாத்திரையும் இருக்குங்கறாங்க. போடறதா இருந்தாலும், போடாம விடறதா இருந்தாலும், அவளையும் கேட்போம்."

"ம்." ஓவியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகே போய் நின்றாள். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா அக்கா? அவரைப் பார்க்கணும்."

சர்வேஷை அவள் எப்போதும் மாமா என்றுதான் சொல்வாள், 'அவர்' என்றால் கவின்தான். மிருதுளா திருத்தவில்லை. யாரை என்றும் கேட்கவில்லை.

"வா," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓவியா தியாவோடு வந்தாள். சர்வேஷ் எழுந்து நின்றான், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தான். ஓவியா அவனை உட்காரச் சொன்னாள், எதிரே தானும் உட்கார்ந்தாள். பட்டறையைப் பற்றிக் கேட்டாள். அவன் ஒரு சொல், இரண்டு சொல்லாகப் பதில் சொன்னான். மேசையில் காலை மாத்திரை அப்படியே இருந்தது. ஓவியா அதைப் பார்த்தாள். எழுந்து சமையலறைக்குப் போய்ச் சொம்பில் தண்ணீர் எடுத்து வந்தாள். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து அவன் முன்னால் நீட்டினாள்.

"சாப்பிடுங்க," என்றாள்.

அவன் வாங்கி வாயில் போட்டு விழுங்கினான். அது தொண்டையில் இறங்கும் வரை ஓவியா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொம்பைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள்.